மூன்றாவது விஎம் எதற்கு?

[காட்சி: சுங்கை சிப்புட். கடையின் பின் அறை, மேசையில் ஒரே ஒரு கணினி. வெளியே மழை.]

வணக்கம். ஒரு சர்வர் விழுந்தால் அடுத்தது உடனே அதன் வேலையை ஏற்க வேண்டும். இதைப் பழக மூன்று பெட்டிகள் வாங்க வேண்டாம். 16 ஜிபி நினைவகமுள்ள கணினி போதும். ஒரே கணினிக்குள் பல மெய்நிகர் கணினிகளை, அதாவது விஎம்களை, ஓட்டும் மென்பொருள் விர்ச்சுவல்பாக்ஸ். அதில் தலா 2 ஜிபி கொடுத்து மூன்று விஎம். மூன்றிலும் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம், அதன்மேல் கோரோசிங்க், பேஸ்மேக்கர் என்ற இரண்டு மென்பொருள்கள். நிறுவும் வேலை அரை மணி நேரம். அதில் பேச ஒன்றுமில்லை.

[காட்சி: மூன்று பெட்டிகள், நடுவே ஓடும் அம்புக்குறி.]

ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குக் கோரோசிங்க் புதிதல்ல. அது பெரட்டு, வேலைக்கு முன் நடக்கும் ஆள் கணக்கெடுப்பு. மண்டோர், அதாவது மேற்பார்வையாளர், பெயர் கூப்பிடுகிறார். ஆள் வரவில்லையென்றால் அவருடைய நிரை, அதாவது அவர் பால் வெட்டும் மரவரிசை, வேறொருவருக்குப் போகிறது. இங்கே பெரட்டு நாள் முழுவதும் நடக்கிறது. சுமார் மூன்றரை நொடி பதில் இல்லையென்றால் ஆள் இல்லை என்று கணக்கு. நிரையைப் பிரித்துக் கொடுப்பது பேஸ்மேக்கர். நமக்கு நிரை என்பது மிதக்கும் ஐபி முகவரி, அதாவது ஒரு விஎம்மிலிருந்து இன்னொன்றுக்கு மாறக்கூடிய பிணைய முகவரி: 192.168.56.50.

இரண்டே விஎம் இருந்து, நடுவில் கம்பி அறுந்தால்? இரண்டும் உயிரோடு இருக்கும். இரண்டும் 'அவன் வரவில்லை' என்று சொல்லும். ஒரே மரத்தில் இருவர் பால் வெட்டினால் பட்டை என்னவாகும்? தரவும் அப்படித்தான் பாழாகும். விஎம்முக்கு ஒரு வாக்கு. மூன்று இருந்தால் இரண்டு வாக்கு உள்ள பக்கம் நடத்தும், தனித்துப்போனது ஒதுங்கும். இரண்டே விஎம் இருந்தால் ஒரு வாக்கே போதும் என்ற சலுகை அமைப்பு உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

அடுத்தது வேலி. சந்தேகத்துக்குரிய விஎம்மின் மின்சாரத்தையே துண்டிப்பது. தொல்லையாக இருக்கிறதென்று பலர் இதை அணைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். விர்ச்சுவல்பாக்ஸுக்கென்றே வேலி முகவர், அதாவது அந்தத் துண்டிப்பைச் செய்யும் நிரல், இருக்கிறது.

[காட்சி: கறுப்புத் திரையில் ஓடும் பிங் வரிகள்.]

இப்போது சோதனை. மிதக்கும் முகவரிக்குப் பிங், அதாவது 'இருக்கிறாயா' என்று விடாமல் கேட்கும் கட்டளை, ஓடுகிறது. முதல் விஎம்மை முறையாக மூடாதீர்கள், மின்சாரத்தைப் பிடுங்குவதுபோல் அணையுங்கள். வரிகள் நிற்கின்றன... சில நொடிகள்... இதோ, மீண்டும் ஓடுகின்றன. முகவரி இரண்டாவதற்குப் போய்விட்டது. பாருங்கள், வேலியே முதல் விஎம்மை மறுபடி எழுப்புகிறது.

நகர்ந்தது முகவரி மட்டும். கடைக் கணக்கு நகரவில்லை. அதற்குத் தரவை விஎம்களிடையே நகலெடுக்கும் டிஆர்பிடி என்ற மென்பொருள் வேண்டும், அது அடுத்த வீடியோவில்.

[காட்சி: இடி. திரை இருள்கிறது.]

ஆம், மூன்று விஎம்மும் இந்த ஒரே பெட்டியில்தான் இருந்தன.