ஒரு வாளி போதும், நடுவர் அவர்களே

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்கும் பெரியோர்களே, வணக்கம்.

இரண்டு சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் சண்டை குறைய, ஆளுக்கொன்று வாங்குவதா, இருவருக்கும் ஒன்றே போதுமா? இதுதான் தலைப்பு. 'ஒன்றே போதும்' என்பது எங்கள் அணி. எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர், "இருபது ரூபா பந்துதானே, ரெண்டா வாங்கிப் போட்டுட்டா வீடு அமைதியா இருக்கும்ல?" என்று கேட்டுக் கைத்தட்டலும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். வாங்கிப் பாருங்கள் ஐயா. ஒன்று சிவப்பு, ஒன்று நீலம் என்றால் இருவருக்கும் சிவப்புதான் வேண்டும். இரண்டும் சிவப்பு என்றால், "அவனோடதுதான் நல்லா குதிக்குது!"

பேச்சுக்கு வசதியாக அக்காவுக்கு 7 வயது, தம்பிக்கு 4 வயது என்று வைத்துக்கொள்வோம். 200 மில்லி பன்னீர் சோடா ஒரு பாட்டில். அக்காவுக்கு ஒல்லியான உயர டம்ளர், தம்பிக்கு அகலமான டபரா. நீங்கள் அளந்து நூறு நூறாக ஊற்றினாலும் தம்பி அழுவான். அது அடம் இல்லை. ழான் பியாஜே என்ற சுவிட்சர்லாந்து உளவியல் அறிஞர் இதைச் சோதித்தே காட்டியிருக்கிறார். நாலு வயதுக் குழந்தை தண்ணீர் நிற்கும் உயரத்தைத்தான் பார்க்கும்; பாத்திரம் மாறினாலும் அளவு மாறாது என்பது ஏழு வயதை ஒட்டித்தான் பிடிபடும். ஆக, "சரியாத்தானே ஊத்துனாங்க" என்று அக்கா சொல்வதும் நிஜம், "எனக்குக் கம்மி" என்று தம்பி கத்துவதும் நிஜம். எதிரணியின் சமத்துவம் கடை பில்லில் இருக்கிறது, பிள்ளையின் கண்ணில் இல்லை.

எங்கள் அணியின் வழி என்ன? ஒரே மாதிரி இரண்டு டம்ளரை ஒரு தாம்பாளத்தில் வையுங்கள். (எதிரணி சிரிக்க வேண்டாம், டம்ளர்தான் இரண்டு, சோடா ஒன்று.) அக்கா ஊற்றட்டும், தம்பி முதலில் எடுக்கட்டும். ஊற்றியவருக்குக் கடைசியில் மிஞ்சியதுதான் என்றால், அக்கா குனிந்து கண்ணை டம்ளர் விளிம்புக்கு நேராக வைத்துச் சொட்டுச் சொட்டாகச் சரிபார்ப்பதைப் பார்க்கலாம். கடலை மிட்டாய்க்கும் இதே சட்டம். ஆனால் அதைத் தம்பி உடைத்தால் நொறுங்கிவிடும். அவன் முறைக்கு வாழைப்பழத்தைக் கொடுங்கள், தேக்கரண்டியாலேயே வெட்டிவிடுவான். தாம்பாளம் எதற்கென்றால், சிந்தும். கட்டாயம் சிந்தும்.

பூங்காவுக்கு வாருங்கள். ஊஞ்சல் ஒன்று. "அஞ்சு நிமிஷம் அவ, அஞ்சு நிமிஷம் நீ" என்றால் தம்பிக்கு நிமிடம் தெரியாது. "இருபது எண்ணு" என்றால் அக்கா ஒரே மூச்சில் விழுங்கி எண்ணுவாள். தம்பி பன்னிரண்டுக்கு அப்புறம் பதினைந்துக்குத் தாவுவான். வாயை நம்பாமல் ஊஞ்சலை எண்ணுங்கள். பின்னால் வந்து போனால் ஒன்று, அப்படி இருபது. கடைசி ஐந்தை "அஞ்சு, நாலு, மூணு" என்று இறக்கிச் சொல்லுங்கள். பிள்ளைகள் இறங்கும்போது அழுவதற்குப் பாதிக் காரணம், முடியப்போவது முன்கூட்டித் தெரியாததுதான். காத்திருப்பவர் பக்கவாட்டுக் கம்பத்தைத் தாண்டி வெளியே நிற்க வேண்டும். முன்னாலும் கூடாது, பின்னாலும் கூடாது, பலகை முகத்தில் அடிக்கும்.

சீசாவில் இன்னும் வேடிக்கை. அக்கா 22 கிலோ, தம்பி 16 கிலோ என்றால் தம்பி மேலேயே தொங்கிக்கொண்டிருப்பான். தம்பி நடுக்கம்பியிலிருந்து 110 செ.மீ. தள்ளி உட்கார்ந்தால், அக்கா 80 செ.மீ.க்கு முன்னே நகர வேண்டும். 16-ஐ 110-ஆல் பெருக்குங்கள், 22-ஐ 80-ஆல் பெருக்குங்கள், இரண்டும் 1,760. இருக்கை நகராத சீசா என்றால் பெரியவர் ஒருவர் தம்பி பக்கம் கையை வைத்து அழுத்த வேண்டியதுதான். அக்கா சொல்லாமல் குதித்து இறங்கினால் தம்பி தடாலென்று விழுவான். இருவர் காலும் தரையைத் தொடும்படி பலகையைச் சமமாக நிறுத்தி, "இறங்கறேன்" என்று குரல் கொடுத்த பிறகே இறங்க வேண்டும்.

கடற்கரைக்கு ஆளுக்கொரு வாளி கொண்டுபோனால் ஒன்று வடக்கே போகும், ஒன்று அலையைப் பார்த்து ஓடும். பெரியவருக்கு இருப்பது ஒரு ஜோடிக் கண்! ஒரு வாளி, ஒரு சிரட்டை கொடுங்கள். எட்டுச் சிரட்டை காய்ந்த மணலுக்கு ஒரு சிரட்டைத் தண்ணீர். மணல் துகள்களுக்கு நடுவே மெல்லிய நீர்ப்படலம் நின்றால்தான் கோட்டை நிற்கும். குறைந்தால் உதிரும், கூடினால் கூழாகி வழியும். அலைப்பக்கம் போய்த் தண்ணீர் மொண்டு வருவது பெரியவர் வேலை. அக்கா மூன்று தடவையாக மணலைப் போட்டு, ஒவ்வொரு தடவையும் அழுத்த வேண்டும். மொத்தமாக நிரப்பி மேலே மட்டும் தட்டினால் கோட்டை பாதியில் முறியும். கவிழ்த்த வாளியின் அடியைத் தட்டுவது தம்பி வேலை, அதை விட்டுக்கொடுக்கவே மாட்டான். வாளியைச் சாய்க்காமல் இருவரும் சேர்ந்து நேராகத் தூக்க வேண்டும்.

"அப்படின்னா மூத்தவ விட்டுக்கொடுத்தே தேய்ஞ்சு போவாளே" என்றார் எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய அம்மா. நியாயமான கேள்வி. "நீ பெரியவதானே, குடுத்துடு" என்ற வாக்கியம் எங்கள் அணியில் கிடையாது. கையில் வைத்திருப்பவர் முறை முடியட்டும், அப்புறம் அடுத்தவர். போதாததற்கு, ஆளுக்கொரு அட்டைப்பெட்டி. அதற்குள் இருப்பது உடையவர் அனுமதி இல்லாமல் யாருக்கும் கிடையாது, விருந்தாளிப் பிள்ளைக்கும் கிடையாது. பெட்டிக்கு வெளியே இருக்கும் சைக்கிள், பந்து, கலர் பென்சில் எல்லாம் பொது. பல் துலக்கும் பிரஷ், செருப்பு, தண்ணீர் பாட்டில் ஆளுக்கொன்று வாங்கத்தான் வேண்டும். அது சுகாதாரம், சண்டைக்கு மருந்தில்லை.

மணி அடித்துவிட்டார்கள், முடித்துக்கொள்கிறேன். அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பருக்கு ஒரு கேள்வி. பல்லாங்குழியில் பக்கத்துக்கு ஏழு குழி, குழிக்கு ஐந்தாக 70 புளியங்கொட்டை. (ஆட்டம் முடிந்ததும் எண்ணி எடுத்து வையுங்கள். ஒன்று குறைந்தால் முதலில் தம்பியின் மூக்கைப் பாருங்கள்.) சண்டை வரக்கூடாதென்று அதையும் நீங்கள் ஆளுக்கொன்று வாங்கிக் கொடுத்தால், எதிர்ப்பக்கம் யார் உட்காருவது?

நன்றி, வணக்கம்.