அங்கயும் கரிசல் மண்ணுதான்

(திருமங்கலத்துல முன்னாள் பட்டாளத்துக்காரங்க குடும்பத்தோட கூடின அன்னிக்குப் பேசினது)

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு மூத்த அண்ணன்மாருங்க, மொதோ வரிசையில உக்காந்திருக்கிற அம்மாக்கள், எல்லாருக்கும் வணக்கம். வருசா வருசம் கூடுனா பென்ஷன், கேண்டீன் கார்டு, ஈசிஎச்எஸ்ங்கிற வைத்தியத் திட்டம் இதத்தான் பேசுவோம், இன்னிக்கு அதையெல்லாம் சாப்பாட்டுக்கு அப்புறம் வச்சுக்குவோம், ஏன்னா நம்ம பக்கத்துப் பயலுக மூணு பேரு அடுத்த மாசம் ஐநா அமைதிப்படை மிஷனுக்கு ஆப்பிரிக்காவுல தெற்கு சூடான் போறாய்ங்க. டெல்லியில டிரெய்னிங் குடுப்பாங்க, கார்டு குடுப்பாங்க, கிளாஸ் எடுப்பாங்க, அதெல்லாம் நல்லாவே இருக்கும், நான் அதுல கை வைக்கல. 2018 கடைசியில போயி மலக்கால்ங்கிற ஊர்ல ஒரு வருசத்துக்கு மேல இருந்துட்டு வந்தவன்ங்கிற முறையில, கிளாஸ்ல சொல்லாதது, சொன்னாலும் நம்ம மண்டையில ஏறாதது, அதைச் சொல்லிர்றேன்.

தம்பிகளா, அந்த நாடு 2011 ஜூலை 9-ல பொறந்தது. உங்களவிட வயசு கம்மி. பொறந்து ரெண்டரை வருசத்துல, 2013 டிசம்பர்ல, உள்ளுக்குள்ளயே சண்டை மூண்டுருச்சு. நான் போறப்ப சமாதான ஒப்பந்தம் போட்டு ரெண்டு மூணு மாசந்தான் ஆகியிருந்துச்சு. மலக்கால் ஊரு வெள்ளை நைல் ஆத்துக் கரையில இருக்கு, ஆனா ஊருன்னு சொல்ல முடியாது, பாதி வீடு எரிஞ்சு மொட்டச் சுவரா நிக்கும், சனம் பூராவும் ஐநா வேலிக்குள்ள தார்ப்பாய்க் கூடாரத்துல கெடந்தாங்க, இருபதாயிரத்துக்கு மேல. அந்த சனத்துக்குத்தான் நீங்க காவல். இத மனசுல வச்சுக்கிட்டு மத்ததக் கேளுங்க.

மொதல்ல மண்ணு. பிளைட்ட விட்டு எறங்கி நான் கீழ பாத்தேன், எனக்கு ஒண்ணுமே ஓடல, நம்ம கள்ளிக்குடி பேரையூர்ப் பக்கம் கெடக்குற அதே கரிசல். வெயில் காலத்துல கை நுழையுற அளவுக்கு வெடிச்சுக் கெடக்கும், ஒரு மழை பேஞ்சா பூட்ஸுல அப்பி காலத் தூக்க முடியாது. அங்க மே மாசம் வாக்குல பிடிச்சா அக்டோபர் வரைக்கும் மழைதான். நம்ம ஊர்ல கரிசக்காட்டுல மழைக்கு அப்புறம் எவனாச்சும் டிராக்டர எறக்குவானா? எறக்க மாட்டான்ல. ஆனா யூனிபார்ம் போட்டதும் நமக்கு ஒரு வேகம் வந்துருது, கவச வண்டிதானே, போயிரும்னு ஓட்டுறோம், அச்சு வரைக்கும் பொதஞ்சு ரெண்டு ராத்திரி நடுக்காட்டுல நின்னிருக்கோம். தலைநகரம் ஜூபாலருந்து எல்லையில இருக்கிற நிமுலே போற தார் ரோடு 192 கிலோமீட்டர், கிட்டத்தட்ட மதுரைலருந்து தஞ்சாவூர் தூரம், அது ஒண்ணு போட்டதையே பெரிய சாதனையாச் சொல்லுவாங்க, அப்படின்னா மத்த ரோடு எப்படி இருக்கும்னு பாத்துக்கங்க. மழைல ஹெலிகாப்டரு, இல்லாட்டி ஆத்துல படகு. அதனால டிரைவருக்கு அந்த ஊர்க்காரன் "வேணாம்"னு சொன்னா, அந்த சொல்லுக்கு மரியாத குடுங்க, அவனுக்கு ரேங்க் இல்லாம இருக்கலாம், மண்ணு அவனுக்குத் தெரியும்.

இன்னொண்ணு, அம்மாக்கள் மன்னிக்கணும், ஒண்ணுக்குப் போறதுக்குக் கூட ரோட்ட விட்டு எறங்காதீங்க. கண்ணிவெடி இன்னும் கெடக்கு. கல்லுல செவப்புப் பெயிண்ட் அடிச்சு வச்சிருந்தா அதுக்கு அங்குட்டு எமன்னு அர்த்தம். தெரியாம கால் வச்சுட்டீங்கன்னா ஓடக்கூடாது, அப்படியே நில்லு, சத்தம் போட்டு கூட இருக்கவன உசார்ப்படுத்து, உதவி வர்ற வரைக்கும் அசையாத.

இப்ப மாட்டுக்கு வர்றேன், இதச் சொல்லத்தான் நான் மைக்கப் பிடிச்சேன்.

டின்கா, நூவர்னு அங்க பெரிய இனங்க. அவிங்களுக்கு மாடுங்கிறது சொத்து இல்ல, சொத்துக்கும் மேல. கல்யாணம்னா மாப்ள வீட்டுக்காரன் பொண்ணு வீட்டுக்கு மாடு குடுக்கணும், ஒரு கொலைக்குப் பஞ்சாயத்துன்னா மாட்டுலதான் ஈடு கட்டணும், வயசுக்கு வந்த பையனுக்கு ஒரு காளை குடுப்பாங்க, அந்தக் காளையோட நிறத்த வச்சே அவனுக்கு ஒரு பேரு வரும், அவன் அதப் பத்தி பாட்டுக் கட்டிப் பாடுவான், கொம்ப வளச்சு விடுவான், கழுத்துல குஞ்சம் கட்டுவான். சாணிய எரிச்சு அந்தச் சாம்பல மாட்டு மேலயும் தன் மேலயும் பூசுவான், கொசு அண்டாது. சும்மா கறிக்காக வெட்ட மாட்டான், சடங்கு, விசேசம்னாத்தான். இத டெல்லிக்காரப் பையனுக்கு விளக்கணும்னா ஒரு நாள் ஆகும். உங்களுக்கு எதுக்கு விளக்கம்? தை பொறந்தா அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர்னு மூணு நாளு நாம என்ன செய்றோம்? கோயில் காளை செத்தா மேளம் வச்சு மாலை போட்டு ஊரே கூடிப் பொதைக்குறோமா இல்லயா?

ஆனா பாருங்க, இதெல்லாம் தெரிஞ்ச நானே ஒரு தப்பு பண்ணேன். மாட்டுக் கேம்ப்புக்கு ரோந்து போனப்ப ஒரு பெரியவர்கிட்ட மொழிபெயர்ப்பாளர வச்சு "மொத்தம் எத்தன உருப்படி இருக்கு"ன்னு கேட்டேன். ரிப்போர்ட்ல எழுதணும்னு கேட்டது. அவரு முகம் அப்படியே சுருங்கிருச்சு, எந்திரிச்சுப் போயிட்டாரு. ஏன்னு ராத்திரி பூராவும் யோசிச்சேன். நம்ம அப்பத்தா ஆட்டுக்குட்டிய எண்ணுனா "எண்ணாதடா, கண்ணு பட்ரும்"னு அடிக்க வரும்ல? அதோட, துப்பாக்கி வச்சிருக்க அந்நியன் ஒருத்தன் வந்து எத்தன மாடுன்னு கேட்டா, ஒவ்வொரு வருசமும் மாட்டுக்கொள்ளையில புள்ளைகளப் பறிகொடுக்குற ஊர்ல என்ன நெனப்பாங்க? கணக்கெடுக்க வந்திருக்கான்னுதானே நெனப்பாங்க. அடுத்த தடவ போறப்ப நம்ம வெட்னரி டாக்டரக் கூட்டிக்கிட்டுப் போனோம், நம்ம இந்திய ஆர்மி அங்க மாட்டு வைத்தியமும் பாக்குது, அது பெரிய விசயம், அவரு காய்ச்சல் கண்ட ஒரு பசுவுக்கு ஊசி போட்டாரு, நான் பக்கத்துல உக்காந்து அது கழுத்தத் தடவிக்கிட்டு இருந்தேன், ஒண்ணுமே கேக்கல. அந்தப் பெரியவரா வந்து பக்கத்துல உக்காந்தாரு. எந்தப் பக்கம் ஆபத்து இருக்கு, எந்த ஓடை தாண்டிப் போகக் கூடாதுன்னு அவரா சொன்னாரு. எங்க ரோந்துக்கு அதைவிடப் பெரிய தகவல் எந்த ஆபீஸ்லயும் கெடச்சதில்ல.

போனதும் விசயத்துக்கு வராதீங்க. நூவர் ஆளுகிட்ட "மாலே"ன்னு சொல்லுங்க, சமாதானம்னு அர்த்தம், அதான் வணக்கம். டவுன்ல ஜூபா அரபி ஓடும், "குவேஸ்"னா நல்லாருக்கு, "மோயா"ன்னா தண்ணி, "சுக்ரன்"னா நன்றி. நாலு வார்த்த போதும், தப்பாச் சொன்னாலும் சிரிச்சுக்கிட்டு திருத்துவாங்க. பெரியவங்க பேசி முடிக்கிற வரைக்கும் வாட்சப் பாக்காதீங்க. ஷில்லுக்னு ஒரு இனம், அவங்களுக்கு ரெத்னு பட்டம் உள்ள ராஜாவே உண்டு, இன்னிக்கும். ஊர்ப் பெரியவர நிக்க வச்சுட்டு நாம வண்டி மேலருந்து பேசுறது எவ்வளவு பெரிய அவமானம்னு நமக்கு யாரும் சொல்லித் தரணுமா?

சாப்பாடு பத்தி உங்க அம்மாக்கள் கவலைப்பட வேணாம், நம்ம பட்டாளத்துச் சமையக்கூடம், லங்கர்ல பருப்பு சோறு சப்பாத்தி எல்லாம் கெடைக்கும். ஆனா ஊருக்குள்ள போயி உக்காந்தா அசீதா வைப்பாங்க, சோள மாவுல கிண்டின களிதான், கிஸ்ரான்னு ஒண்ணு, சோள மாவ புளிக்க வச்சு மெலிசா ஊத்துன தோச. ஒரே தட்டுல எல்லாரும் சேந்து வலது கையால சாப்பிடுவாங்க. தயங்காம கை வைங்க. பால் குடுத்தா மட்டும் பாத்து, காய்ச்சாத பாலுல புரூசெல்லோசிஸ் வரும், மாசக்கணக்குல காய்ச்சல் விட்டு விட்டு அடிக்கும். மூஞ்சியச் சுழிக்காம, கைய நெஞ்சுல வச்சு, "டாக்டர் எனக்குத் தடை போட்டிருக்காரு"ன்னு மொழிபெயர்ப்பாளர்கிட்ட சொல்லச் சொல்லுங்க. பால் பாத்திரத்த மாட்டுக் கோமியத்துல கழுவுவாங்க, பாத்துட்டு அய்யேன்னு சொல்லாதீங்க, நம்ம வீட்டுல புண்ணியாதானத்துக்கு என்ன தெளிக்கிறோம்?

இப்ப சொல்லப் போறது கொஞ்சம் கஷ்டமான விசயம். யாரையும் "நீ எந்த இனம்"னு கேக்காதீங்க. நூவர் ஆம்பளைகளுக்கு நெத்தியில காதுக்குக் காது ஆறு கோடு கீறியிருக்கும், ஷில்லுக்குக்கு புருவத்துக்கு மேல மணி கோத்த மாதிரி புள்ளி வரிசை, பெரிய ஆளுகளப் பாத்தாத் தெரியும். 2013 டிசம்பர்ல ஜூபால அந்தக் கோட்டப் பாத்து, பேசுற பாசையப் பாத்து, வீடு வீடா இழுத்துக் கொன்னாங்க. அந்தக் கேள்விக்குப் பின்னாடி அவங்களுக்குச் சாவு இருக்கு. நம்ம பக்கத்துல ஒருத்தன் புதுசா வந்தவன்கிட்ட "தம்பிக்கு எந்த ஊரு, ஊர்ல எந்தப் பக்கம்"னு கேட்டா எதுக்குக் கேக்குறான்னு இங்க உக்காந்திருக்க எல்லாருக்கும் தெரியும். பஸ்ல அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாம தலையக் குனிஞ்ச பையன நான் பாத்திருக்கேன், இருபத்தஞ்சு வருசம் முன்னாடி நானே கேட்டும் இருக்கேன், அத இன்னிக்கு நெனச்சா வெக்கமா இருக்கு. மலக்கால்ல அந்தக் கூடாரங்களுக்கு நடுவுல ராத்திரி டூட்டி பாக்குறப்பதான் அந்தக் கேள்வியோட கனம் எனக்குப் புரிஞ்சுச்சு. பேரக் கேளுங்க, புள்ளைங்க எத்தனன்னு கேளுங்க, போதும்.

வண்டில போறப்ப சின்னப் புள்ளைங்க கைய ஆட்டிக்கிட்டு ஓடி வரும். பிஸ்கட்ட, தண்ணி பாட்டில தூக்கி வீசாதீங்க. நல்ல மனசுலதான் வீசுவீங்க, அதப் பொறுக்க பின்னாடி வர்ற வண்டி சக்கரத்துக்குள்ள ஓடிரும் புள்ளைங்க. குடுக்கணும்னா நிறுத்தி, எறங்கி, ஸ்கூல்ல பெரியவங்க கையில குடுங்க. போட்டோவும் அப்படித்தான், பாலம், ஏர்போர்ட்டு, அவங்க ராணுவம் எதையும் எடுக்காதீங்க, அங்க போட்டோ எடுக்கவே பர்மிட் வேணும். கூடாரத்துல இருக்க சனத்த எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கிறது அதவிட மோசம், தாலிய அத்துட்டு உக்காந்திருக்க வீட்டுல போயி செல்பி எடுப்போமா?

பொம்பளப் புள்ளைங்க விசயம். அம்மாக்கள் இருக்கப்பவே சொல்றேன், அதுக்காகத்தான் இவங்கள முன்னாடி உக்கார வச்சது. அங்க பசி இருக்கு. ஒரு சோப்புக்கும் ஒரு பாக்கெட் மாவுக்கும் ஒரு பொண்ணு வந்து நிக்கிற நெலமை இருக்கு. 2003-லயே ஐநா விதி போட்டிருச்சு, காசுக்கோ பொருளுக்கோ சாப்பாட்டுக்கோ உறவு வச்சுக்கக் கூடாது, பதினெட்டுக்குக் கீழ எதுவுமே கூடாது, வயசு தெரியாம நடந்துருச்சுன்னு சொன்னா அது சாக்குல சேராது. விதி இருக்கோ இல்லயோ, காவலுக்குப் போனவன் அதச் செஞ்சா அவன் பட்டாளத்துக்காரன் இல்ல. பக்கத்துல இருக்கவன் செய்றான்னு தெரிஞ்சும் வாயத் தெறக்காம இருந்தா நீயும் சேத்திதான். கமாண்டிங் ஆபீசர்கிட்ட போயி சொல்லு.

பயமுறுத்துறதுக்குச் சொல்லல, 2013 ஏப்ரல் 9-ல ஜோங்லேய் மாகாணத்துல கான்வாய்க்குக் காவல் போன நம்ம ஆளுங்க அஞ்சு பேரக் கொன்னாங்க, லெப்டினன்ட் கர்னல் ஒருத்தரும் அதுல போயிட்டாரு. ஆனா அங்க அதவிட அதிகமா ஆளச் சாய்க்கிறது கொசுதான். வரப்போற மலேரியா பால்சிபாரம், மூளைக்கு ஏறுற வகை. மஞ்சக் காமாலைன்னு நெனச்சுக்காதீங்க, மஞ்சள் காய்ச்சல்னு வேற ஒண்ணு, அதுக்கு ஊசி பத்து நாளைக்கு முன்னாடியே போட்டு கார்டு வாங்கிரணும், அந்தக் கார்டு இல்லாம திரும்பி வந்தா ஏர்போர்ட்லயே பிடிச்சு தனியா வச்சிருவாங்க.

மலேரியா வராம இருக்கப் போடுற மாத்திரை விசயத்துல எல்லாரும் தப்பு பண்ற எடம் எதுன்னா, ஊருக்கு வந்ததும் நிப்பாட்டிர்றது. வீட்டுக்கு வந்துட்டோம், கறிக்கொழம்பு சாப்பிட்டாச்சு, இனி எதுக்கு மாத்திரைன்னு. டாக்சிசைக்ளினா இருந்தாலும் மெஃப்ளோகுயினா இருந்தாலும் அங்கருந்து கெளம்புன பெறகு நாலு வாரம் போடணும். என்கூட வந்த ஒரு பையன் நிப்பாட்டிட்டான். காய்ச்சல் வந்துச்சு, பக்கத்துல ஒரு கிளினிக்ல காட்டியிருக்கான், எங்கருந்து வந்தேன்னு இவனும் சொல்லல அவங்களும் கேக்கல, வைரல்னு மாத்திரை குடுத்து அனுப்பிட்டாங்க, நாலாவது நாள் நினைவு தப்பிருச்சு. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம், பொழச்சான், ஆனா அவங்கம்மா அந்த வராண்டால தரையில உக்காந்திருந்தது இன்னும் என் கண்ணுல நிக்குது. காய்ச்சல் வந்தா டாக்டர்கிட்ட மொதோ வார்த்தையா "நான் ஆப்பிரிக்காலருந்து வந்திருக்கேன், மலேரியா டெஸ்ட் எடுங்க"ன்னு சொல்லணும்.

வீட்டுல இருக்கவங்களுக்கு ஒண்ணு. நமக்கு ராத்திரி பத்துன்னா அங்க சாயந்தரம் ஆறரை. போன் வரலன்னா ஒடனே பதறாதீங்க, மழைக்கு டவர் போயிரும், நாலு நாள் சத்தமே வராது. எங்க இருக்க, எங்க போறன்னு கேக்காதீங்க, அவன் சொல்லக் கூடாது. சாப்பிட்டியான்னு கேளுங்க.

நேரம் ஆயிருச்சு, பந்தி போட்டாச்சுன்னு சைகை காட்டுறாங்க. தம்பிகளா, மூணு பேரும் சாப்பிட்டு முடிச்சதும் என்னப் பாத்துட்டுப் போங்க. மாத்திரைக்கு அட்டவணை எழுதி வச்சிருக்கேன், கெளம்புறதுக்கு முன்னாடியிருந்து வந்த பெறகு நாலு வாரம் வரைக்கும், கட்டம் போட்டு. உங்க கையில தரமாட்டேன், உங்க அம்மா கையில தர்றேன், காலண்டருக்குப் பக்கத்துல ஒட்டி வைக்கட்டும்.