தேசத்தின் முகத்தில் நம் சாயல்

நடுவர் அவர்களே, மன்னார்குடிப் பெரியவர்களே, தாய்மார்களே, வணக்கம். சர்வதேசப் போட்டிகளை நடத்துவதால் நாட்டின் அடையாளம் உருவாகிறதா, கஜானா காலியாகிறதா? அடையாளம் உருவாகிறது என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணி அண்ணன் மாண்ட்ரியல் கணக்கைச் சொன்னார். 1976 ஒலிம்பிக் கடனை அந்த ஊர் 2006 வரை கட்டியது. உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அண்ணே, அது கட்டடத்துக்கு ஆன கடன். நம் தலைப்பு அடையாளம்.

1964, டோக்கியோ. ஒலிம்பிக் தீபத்தை ஏற்ற ஜப்பான் யாரைத் தேர்ந்தெடுத்தது? அணுகுண்டு விழுந்த அதே 1945 ஆகஸ்ட் 6-ம் தேதி, ஹிரோஷிமா மாகாணத்தில் பிறந்த யோஷினோரி சகாய் என்ற 19 வயது மாணவரை! போரில் தோற்ற நாடு என்றுதானே உலகம் அவர்களைப் பார்த்தது? தீபத்தோடு அந்தப் பையன் படியேறியபோது ஜப்பான் தன்னை வேறு மாதிரி அறிமுகம் செய்துகொண்டது. விருந்தாளியாகப் போன ஊரில் இதைச் செய்ய முடியுமா?

1995-ல் தென்னாப்பிரிக்கா ரக்பி உலகக் கோப்பையை நடத்தியது. அந்த அணியின் பச்சைச் சட்டை கறுப்பின மக்களுக்கு வெள்ளையர் ஆட்சி செய்த அடக்குமுறையின் சின்னம். அந்த ஆட்சியில் 27 வருஷம் சிறையில் கிடந்து, பிறகு அதிபரான மண்டேலா அதே சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து, வெள்ளைக்காரக் கேப்டன் கையில் கோப்பையைக் கொடுத்தார். மறுநாளே எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் 'இது நம்ம டீம்' என்று சொல்ல அன்றைக்கு ஒரு வாசல் திறந்தது.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். 2022-ல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட். ரஷ்யாவில் நடக்க வேண்டியது, உக்ரைன் போரால் இங்கே வந்தது. நாலு மாதச் சொச்சத்தில் ஏற்பாடு. பெரிய ஸ்டேடியம் எதுவும் கட்டவில்லை, ஓட்டல் வளாகத்து அரங்கில்தான் ஆடினார்கள். இந்தியாவின் சார்பில் வரவேற்றது யார்? வேட்டி சட்டையோடு கைகூப்பி நின்ற போட்டிச் சின்னம், 'தம்பி' குதிரை! இந்தியா என்றால் இதுவும்தான் என்று உலகம் பார்த்தது. தேச அடையாளம் டெல்லியில் மட்டும் தயாராவதில்லை, நடுவர் அவர்களே.

"டெல்டாக்காரனுக்கு இதில் என்ன?" என்றார் அண்ணன். முதல் இந்திய கிராண்ட்மாஸ்டர் ஆனந்த் பிறந்தது மயிலாடுதுறை. அப்புறம் இதோ, நீடாமங்கலம் பக்கத்துப் பூவனூர். ராஜகுமாரியைச் சதுரங்கத்தில் வென்று மணந்த சிவன் அங்கே சதுரங்க வல்லபநாதர். ஒலிம்பியாட் திறப்பு விழாவில் பிரதமர் அந்தக் கோயிலைச் சொன்னார். இத்தனை நாட்டு ஆட்டக்காரர்கள் இருந்த மேடையில் நம் ஆற்றங்கரைச் சாமி இந்தியாவின் பெருமையாக நின்றார்!

கடன் கணக்கை எடை போடும்போது, எதிர்த்தட்டில் பூவனூரையும் வையுங்கள் நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.