குறைந்த மானியமும் கூடிய கட்டணமும்

(சென்னையில் மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

கல்விக் கட்டணம் உயரும்போதெல்லாம் செலவு கூடிவிட்டது என்ற விளக்கம் முதலில் வந்துவிடுகிறது. அரசு தன் பங்கைக் குறைத்துக்கொண்ட செய்தி அதற்குள் மறைந்துபோகிறது. இங்கிலாந்தில் 2010-இல் சிக்கன நடவடிக்கை என்ற பெயரில் பல்கலைக்கழகங்களின் கற்பித்தல் மானியத்தில் பெரும்பகுதியை வெட்டிய கூட்டணி அரசு, ஆண்டுக்கு 3,290 பவுண்டாக இருந்த கட்டண உச்சவரம்பை 9,000 பவுண்டாக்கி, விழுந்த பள்ளத்தை மாணவர் பெயரில் கடனாக எழுதியது. டிசம்பர் 9 அன்று லண்டனில் திரண்ட மாணவர்களைக் காவல்துறையினர் கடுங்குளிரில் மணிக்கணக்கில் சுற்றிவளைத்து நிறுத்தியிருந்தனர். நாடாளுமன்றத்துக்குள் 323-க்கு 302 என்ற வாக்குகளில் உயர்வு நிறைவேறியது. எதிர்த்து வாக்களிப்போம் என்று தேர்தலுக்கு முன் கையெழுத்திட்டுக் கொடுத்த, கூட்டணியின் சிறிய கட்சியான லிபரல் டெமாக்ரட் உறுப்பினர்கள் பலரே ஆதரித்து வாக்களித்தார்கள். புதிய கட்டணம் 2012-இல் சேர்வோருக்குத்தான் என்பதால், அன்று அடிபட்ட கல்லூரி மாணவர்களில் பெரும்பாலோர் அதைக் கட்டப்போகிறவர்கள் அல்லர். தமக்குப் பின்னால் வரும் தம்பி தங்கைகளுக்காக நின்றவர்களை வன்முறையாளர் என்று மட்டும் எழுதிய செய்திகளை இன்றும் என்னால் ஏற்க இயலவில்லை.

நம் சிதம்பரத்துக்கு வருவோம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை அரசு 2013-இல் தன் பொறுப்பில் எடுத்த பிறகும், அங்குள்ள ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். கட்டணம் ஆண்டுக்கு ஏறத்தாழ 5.44 லட்சம் ரூபாயாகவே நீடித்தது. மற்ற அரசு மருத்துவக் கல்லூரிகளில் அது பதினான்காயிரத்தைக்கூட எட்டவில்லை. 2020 டிசம்பரில் தொடங்கி 50 நாட்களுக்கு மேல் மாணவர்கள் போராடிய பின்பே கல்லூரி சுகாதாரத் துறையின்கீழ் வந்தது, கட்டணமும் இறங்கியது.

ஏழைகளுக்குச் சலுகை உண்டே என்பார்கள். 2016-இல் ஐ.ஐ.டி.களில் பி.டெக். கட்டணம் 90,000 ரூபாயிலிருந்து 2 லட்சமானபோது, ஆண்டு வருமானம் 1 லட்சத்துக்குக் குறைந்த குடும்பங்களுக்கு முழு விலக்கும், 5 லட்சம் வரை மூன்றில் இரண்டு பங்கு விலக்கும் அளித்தது உண்மை. ஆனால் 5 லட்சத்தைச் சற்றே தாண்டிய சிறு கடைக்காரர் வீட்டுப் பிள்ளை என்ன செய்யும்? வருமானச் சான்றுக்காகத் தாலுகா அலுவலகத்தில் நின்றவர்களுக்குத் தெரியும், சலுகை என்பது ஒவ்வோர் ஆண்டும் மெய்ப்பிக்க வேண்டிய ஏழ்மை.

ஆகவே நம் கோரிக்கையைத் துல்லியமாக வைப்போம். கட்டணத்தை உயர்த்த விரும்பும் எந்தப் பல்கலைக்கழகமும், கடந்த 10 ஆண்டுகளில் பெற்ற அரசு மானியத்தையும் நிரப்பாத ஆசிரியர் பணியிடங்களையும் முதலில் தன் பேரவையான செனட்டிலும் பொதுவெளியிலும் வைக்க வேண்டும். மானியம் குறைந்திருந்தால், அந்தத் தொகையை மாணவரிடம் கேட்கும் முன் கோட்டையில் கேட்க வேண்டும்.