ஏரிக்கு அடியில் ஒரு கதவு

நேயர்களுக்கு வணக்கம்.

போன மாதம் ஹாரி பாட்டர் வரிசையின் ஏழு புத்தகங்களையும் பெட்டியிலிருந்து வெளியே எடுத்தேன். முதுகு பிரிந்து, பக்கம் பழுத்துப்போன புத்தகங்கள். ஒரு காலத்தில் இவற்றுக்காகத் தூக்கத்தைத் தொலைத்தவன் நான். இந்த முறை இரண்டாம் புத்தகத்தின் பாதியிலேயே கொட்டாவி வந்துவிட்டது.

அப்புறம் குறைகள் கண்ணில் பட ஆரம்பித்தன. துடைப்பத்தில் பறந்து ஆடும் அந்தக் குவிடிச் ஆட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கோலுக்கு 10 புள்ளி. சின்னத் தங்கப் பந்தைப் பிடித்தால் 150. அப்படியானால் மற்றவர்கள் எதற்கு வியர்க்க விறுவிறுக்கப் பறக்கிறார்கள்? சின்ன வயதில் இந்தக் கணக்கு எனக்குத் தோன்றவே இல்லை.

மூன்றாம் புத்தகத்தில் காலத்தைப் பின்னோக்கித் திருப்பும் ஒரு மணற்கடிகாரம் வரும். ஒரே நேரத்தில் நடக்கும் வகுப்புகளுக்கெல்லாம் போய்வர ஒரு மாணவியிடம் அதைக் கொடுத்து வைத்திருப்பார்கள். அடுத்து வந்த புத்தகங்களில் உயிர் போகிற நேரத்தில் இதை ஏன் ஒருவரும் தேடவில்லை? ஐந்தாம் புத்தகத்தில் அந்தக் கடிகாரங்கள் இருந்த அலமாரியே சரிந்து நொறுங்குகிறது. அன்றைக்கு எனக்கு அது வெறும் சண்டைக் காட்சி. இன்றைக்குப் படித்தால், ஆசிரியர் ஓட்டையை அடைப்பது தெரிகிறது.

வயதாகிவிட்டது, அவ்வளவுதான் என்று நினைத்தேன். ஆனால் பழைய நகைச்சுவைக்கு இன்னமும் சிரிப்பு வந்ததே!

விஷயம் வேறு. முதல் புத்தகம் 1997இல் வந்தது, கடைசிப் புத்தகம் 2007இல். நான்காவது வந்தது 2000இல். ஐந்தாவதுக்கு 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வில்லன் உடம்போடு திரும்பி வந்துவிட்டான், ஒரு மாணவன் செத்துவிட்டான், அப்படியே விட்டுவிட்டார்கள். அந்த மூன்று வருடமும் நாங்கள் சும்மா இருக்கவில்லை. அடுத்து சாகப்போவது யார் என்று சண்டை போட்டோம், கதையில் வரும் மந்திரப் பள்ளிக் கோட்டைக்கு வரைபடம் போட்டோம். இந்த முறை நான்காவதை மூடிய கையோடு ஐந்தாவதைத் திறந்துவிட்டேன். நடுவில் எனக்கு வேலையே இல்லை.

ஏரிக்கு அடியில் ஒரு ரகசியக் கதவு வருமே, அந்தக் காட்சிக்காக ஐந்தாம் புத்தகம் முழுக்கக் காத்திருந்தேன். வரவில்லை. ஆறிலும் ஏழிலும்கூட இல்லை. கடைசியில்தான் ஞாபகம் வந்தது: அது பின்பெஞ்சில் இருந்த என் நண்பன் அவிழ்த்துவிட்ட கதை.

அவனுக்கே போன் போட்டுக் கேட்டேன். “நல்லாத் தேடுடா, புத்தகத்துலதான் இருக்கு” என்கிறான்.