நாய்க்குட்டி வாங்கப் போறீங்களா? இந்த ஒரு கேள்விய கேளுங்க, விக்கிறவர் முகம் மாறும்!

(திரையில்: தேவனாம்பட்டினம் கடற்கரை, விடியற்காலை. ஒரு கறுப்பு லேப்ராடர் அலையைத் துரத்துகிறது.)

மாசமா இருக்கிற பொண்ண ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா, டாக்டரம்மா தவறாம கேக்குற கேள்வி ஒண்ணு இருக்கு. "சொந்தத்துல கட்டிக்கிட்டதா?" அதே கேள்விய எடுத்துட்டுப் போய் நாய்க்குட்டி விக்கிறவர்கிட்ட கேளுங்க. சில பேரு சிரிப்பாங்க, சில பேரு பேச்ச மாத்துவாங்க. சிரிக்காம பதில் சொல்றவர்கிட்டதான் குட்டி வாங்கணும். ஏன்னு சொல்றேன், வீடியோவ ஓட்டிப் பாக்காதீங்க.

மொதல்ல என் கதை. எனக்கு வாய்ச்ச மொத குட்டி, பாண்டியில ரோட்டோரமா கூடையில வெச்சு வித்தது. பொறந்து முப்பது நாள்தான்னு அவரே சொன்னாரு. நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு: "கடைசியா என்ன ரேட்டுண்ணே?" அஞ்சாம் நாள் வாந்தி, அப்புறம் ரத்தமா பேதி. பார்வோங்கிற வைரஸ் நோய். எட்டாம் நாள் தோட்டத்துல குழி வெட்டினேன். இந்தக் குழிய ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்ப வரும்.

சட்டத்த மூச்சு விடாம சொல்லி முடிச்சிடறேன். 2017ல மத்திய அரசு நாய் வளர்ப்பு, விற்பனைக்குன்னே விதி போட்டுது. எட்டு வாரம் ஆகாத குட்டிய விக்கக்கூடாது. பிரீடர், அதாவது நாய சேர்த்து குட்டி எடுத்து விக்கிறவர், மாநில விலங்கு நல வாரியத்துல பதிஞ்சிருக்கணும். குட்டி எடுக்க சேர்க்குற பெண் நாய்க்கு ஒன்றரை வயசாவது ஆகியிருக்கணும், எட்டு வயச தாண்டக்கூடாது. வருஷத்துக்கு ஒரு ஈத்து, ஆயுசுக்கே அஞ்சு ஈத்து. அவ்ளோதான். கடலூர்-பாண்டி எல்லையில முள்ளோடை செக்போஸ்ட்டத் தாண்டினா பாட்டில் விலைதான் மாறும், இந்த விதி மாறாது. அதனால "பதிவு நம்பர் என்ன, இது எத்தனாவது ஈத்து"ன்னு கடலூர்லயும் கேளுங்க, பாண்டியிலயும் கேளுங்க.

இப்ப நம்ம விஷயத்துக்கு வருவோம்.

(திரையில்: ஒரு வம்சாவளித் தாள். அப்பா பக்கம் ஒரு பெயர், அம்மா பக்கம் அதே பெயர். இரண்டையும் சிவப்பு வட்டம் சுற்றுகிறது.)

ஒவ்வொரு மரபணுவும் உடம்புல ரெண்டு காப்பி இருக்கும். அப்பா குடுத்தது ஒண்ணு, அம்மா குடுத்தது ஒண்ணு. ஒண்ணு பழுதா இருந்தாலும் பல நேரம் இன்னொண்ணு சமாளிச்சுடும். ஆனா அப்பாவும் அம்மாவும் ஒரே தாத்தாவோட வழியில வந்தவங்கன்னா, அந்தத் தாத்தாவோட அதே பழுதுக் காப்பி ரெண்டு பக்கமும் சுத்தி வந்து ஒரே குட்டிக்குள்ள சேரலாம். சமாளிக்க ஆளே இருக்காது.

இதுக்குக் கணக்கு உண்டு. அத்தை பொண்ணு, மாமன் பையன் கட்டிக்கிட்டா, பொறக்குற குழந்தைக்கு ஒரு மரபணுவோட ரெண்டு காப்பியும் ஒரே மூதாதைகிட்டருந்து வந்திருக்க வாய்ப்பு 6.25 சதவீதம். தாய்மாமன் அக்கா பொண்ணக் கட்டினா 12.5. இதுக்கே டாக்டரம்மா புருவத்தத் தூக்குவாங்க. நாய்ல அப்பனையும் மகளையும் சேர்த்தா? 25. கூடப்பொறந்ததுங்கள சேர்த்தாலும் 25. இத நல்ல வார்த்தையா "லைன் பிரீடிங்"னு சொல்லுவாங்க. பங்காளி வீட்ல பொண்ணு எடுத்தா ஊரக் கூட்டி பஞ்சாயத்து வெக்கிற நாம, "ப்யூர் லைன் சார், தாத்தாவும் அப்பாவும் ஒரே ஆளு"ன்னு சொன்னா கூட அஞ்சாயிரம் எடுத்து வெக்கிறோம்!

அவங்க தரப்பு நியாயத்தையும் சொல்லணும். எந்த ஜாதி நாயும் கொஞ்சம் சொந்தத்துக்குள்ள சேர்த்துத்தான் உருவாச்சு. அந்தத் தலை, அந்த வால் அப்படியே வரணும்னா வேற வழி கம்மி. சரிதான். ஆனா அதோட விலை, ஈத்துல குட்டி கம்மியாகுறது, பொறந்த குட்டி தங்காம போறது. வீட்டுக் காவலுக்கும் புள்ளைங்க விளையாடவும் நாய் தேடுற எனக்கு, வால் அரை இஞ்ச் முன்னபின்ன இருந்தா என்ன?

எப்படிக் கண்டுபிடிக்கிறது? கேசிஐ, அதாவது கென்னல் கிளப் ஆஃப் இந்தியா குடுக்குற வம்சாவளிப் பேப்பர் இருந்தா வாங்கிப் பாருங்க. அப்பா பக்கம், அம்மா பக்கம் தாத்தா பாட்டி பேரெல்லாம் அதுல இருக்கும். ஒரே பேரு ரெண்டு பக்கமும் வந்தா சொந்தம். முடிஞ்சுது, பெரிய படிப்பெல்லாம் வேணாம். இன்னொண்ணு, அந்தப் பேப்பர் வம்சத்தத்தான் சொல்லும், ஆரோக்கியத்த சொல்லாது. லேப்ராடர், ஜெர்மன் ஷெப்பர்டுன்னா தாய் தகப்பனோட இடுப்பு எக்ஸ்ரேய தனியா கேளுங்க.

ராஜபாளையம் வாங்குறவங்களுக்கு ஒரு நிமிஷம். உள்காதுல நிறம் குடுக்கிற செல்லு இல்லன்னா காது கேக்காம போகலாம். வெள்ளை நாய்ல இந்த ஆபத்து அதிகம். குட்டி தூங்கும்போது பின்னாடி போய் எவர்சில்வர் தட்டக் கீழ போடுங்க. துள்ளி எழுந்தா பெரும்பாலும் ஒரு காதாவது கேக்குது. ரெண்டும் கேக்குதான்னு தட்டு சொல்லாது, அதுக்குத் தனிப் பரிசோதனை இருக்கு. தட்ட பிரீடர் வீட்லயே கேட்டு வாங்கிக்கோங்க, பையில கொண்டு போய் மானத்த வாங்காதீங்க.

தாய் நாயப் பாக்காம குட்டி வாங்காதீங்க. "அம்மா ஊர்ல இருக்கு"ன்னா நீங்களும் ஊருக்குக் கிளம்புங்க.

(திரையில்: வில்லியனூர் பக்கம் ஒரு வீட்டு வாசல். வேப்பமர நிழல்.)

இவ்ளோ கேள்வியும் மனப்பாடம் பண்ணிக்கிட்டு, ரெண்டாவது தடவ வில்லியனூர் பக்கம் ஒரு அக்கா வீட்டுக்குப் போனேன். என் கேள்விக்கெல்லாம் பொறுமையா பதில் சொன்னாங்க. பேப்பர், ஊசி அட்டை, தாய் நாய் எல்லாத்தையும் காட்டினாங்க. அப்புறம் அவங்க ஆரம்பிச்சாங்க.

"தம்பி, சொந்த வீடா, வாடகையா? ஹவுஸ் ஓனருக்குத் தெரியுமா?"

"சொந்த வீடுதான்க்கா."

"பகல்ல வீட்ல யாரு?"

"அம்மா இருக்காங்க."

"அவங்களுக்கு நாய் புடிக்குமா, இல்ல உனக்கு மட்டும் புடிக்குமா?"

எனக்கு வேர்த்துடுச்சு.

"மழைக்கு உங்க தெருவுல தண்ணி எவ்ளோ நிக்கும்? மாடி இருக்கா?"

இந்தக் கேள்விய வேற ஊர்ல கேப்பாங்களான்னு தெரியல, நம்ம ஊர்ல கட்டாயம் கேக்கணும். 2011 டிசம்பர் 30 தானே புயல். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல், அதோட சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணையில வந்த வெள்ளம். கழுத்துல சங்கிலியோட நாய் தண்ணிக்குள்ள நின்னா என்ன ஆகும்னு நான் சொல்ல வேணாம்.

கடைசியா ஒண்ணு கேட்டாங்க. "வீட்ல இதுக்கு முன்னாடி குட்டி செத்திருக்கா?"

சொன்னேன். பார்வோ, தோட்டத்துல குழி, ஆறு மாசம் ஆச்சுன்னு.

அக்கா தலைய ஆட்டினாங்க. பார்வோ கிருமி மண்ணுல மாசக்கணக்குல உசுரோட கிடக்குமாம். பினாயில் ஊத்தினா சாகாது. ப்ளீச் தரையில வேலை செய்யும், மண்ணுல சரியா செய்யாது. "இந்த ரெண்டு மாசக் குட்டிய உனக்குத் தர மாட்டேன்"னு நேராவே சொல்லிட்டாங்க. கையில பணத்தோட நிக்கிறேன், விக்க மாட்டேங்கிறாங்க! வந்த கோவத்துல வண்டிய எடுத்துட்டேன். குருமாம்பேட் கால்நடை மருத்துவக் கல்லூரி கிட்ட வரும்போதுதான் கோவம் அடங்குச்சு. வண்டிய நிறுத்தி போன் பண்ணேன்.

"பதினாறு வாரத்து ஊசி வரைக்கும் நானே போட்டு வெக்கிறேன், அப்புறம் வந்து தூக்கிட்டுப் போ. தீனிச் செலவு உன்னுது"ன்னாங்க.

இப்ப அலையத் துரத்துதே, அந்தக் கறுப்புக் கழுதைதான் அது. பேரு பணியாரம். அது பேப்பர்ல தாத்தா பேரு ஒரே தடவதான் வருது. உங்க வீட்டு நாயோட பேப்பரையும் எடுத்துப் பாத்து, ஒரே தாத்தா ரெண்டு பக்கமும் உக்காந்திருக்காரான்னு கமெண்ட்ல போடுங்க.

டேய் பணியாரம், அந்தச் செருப்பு அவரோடது, கீழ போடு!