"நல்லா இருக்கும், படிங்க" என்று சொன்னால் போதுமா?

[திரையில்: மேசைமேல் ஒரு தடித்த நாவல். தொடக்கத்துப் பக்கங்களுக்கு நடுவே ஒரு மருந்துச் சீட்டு நீட்டிக்கொண்டிருக்கிறது.]

வணக்கம். இந்த நாவல் 600 பக்கம். எனக்கு உயிர். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு நண்பரிடம், "கண்ணை மூடிக்கிட்டுப் படிங்க, அப்படியே இழுத்துக்கிட்டுப் போகும்" என்று சொல்லிக் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு எப்படிப் படிப்பது என்று அவரும் கேட்கவில்லை. எட்டு மாதம் கழித்துப் புத்தகம் திரும்பி வந்தது. 37ஆம் பக்கத்தில் இந்த மருந்துச் சீட்டு. "நல்லா இருந்துச்சுங்க" என்றார். நானும் மேற்கொண்டு கிளறவில்லை.

மனுஷனுக்கு ரசனையே இல்லை என்று கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். தப்பு என்னுடையது. அவர் எப்படிப்பட்ட வாசகர் என்று நான் யோசிக்கவே இல்லை. துப்பறியும் கதை ஒன்றை ஒரே ராத்திரியில் முடித்ததாக என்னிடமே சொல்லியிருக்கிறார். அவர் கையில் போய், முதல் 80 பக்கம் ஒரு வீட்டின் தாழ்வாரத்தை விட்டே நகராத நாவலைக் கொடுத்திருக்கிறேன்.

[திரையில்: 1931]

கணித ஆசிரியராக இருந்து நூலகரானவர் எஸ்.ஆர்.ரங்கநாதன். அவர் 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்தார். இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல். மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். படித்தால் ஒரே விஷயத்தைத் திருப்பிப் போட்ட மாதிரி இருக்கும். ஆனால் பரிந்துரை செய்கிற நம்மில் பலர் மூன்றாவதில் மட்டும்தான் நிற்கிறோம். பிடித்த புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, யார் தலையில் கட்டலாம் என்று ஆள் தேடுகிறோம். இரண்டாவது விதி ஆளிடமிருந்து தொடங்கச் சொல்கிறது. நான்காவது விதி இன்னும் நேராகவே சொல்லிவிடும்: வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து. என் நண்பரின் எட்டு மாதத்தை நினைத்தால் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

சரி, ஆளை எப்படித் தெரிந்துகொள்வது? "உங்களுக்கு எந்த மாதிரிப் புத்தகம் பிடிக்கும்?" என்று கேட்காதீர்கள். "எல்லாம் படிப்பேன்" என்று பதில் வரும். "கடைசியா உங்களைத் தூங்கவிடாம பண்ணின புத்தகத்தைப் பத்திச் சொல்லுங்க" என்று கேளுங்கள். அப்புறம் அவர் எதைச் சொல்கிறார் என்பதைவிட எப்படிச் சொல்கிறார் என்று கவனியுங்கள்.

[திரையில்: நான்கு கதவுகள், நான்கு அளவுகளில்.]

அமெரிக்க நூலகர் நான்சி பேர்ல் இதற்கு ஒரு நல்ல வழி வைத்திருக்கிறார். (2003இல் இவரை மாதிரியாக வைத்து, விரலை உதட்டில் வைத்து "உஷ்" என்று அடக்குகிற நூலகர் பொம்மையே வந்தது. அது வேறு கதை.) ஒரு புத்தகத்துக்குள் போக நான்கு கதவுகள் உண்டு என்கிறார்: கதை, பாத்திரங்கள், களம், மொழி. எல்லாப் புத்தகத்திலும் நான்கும் இருக்கும், ஆனால் அகலம் வேறு வேறு. நாமும் வழக்கமாக ஏதோ ஒரு கதவு வழியாகத்தான் நுழைகிறோம்.

"எப்ப ஆரம்பிச்சேன், எப்ப முடிச்சேன்னே தெரியலை" என்கிறவர் கதைக் கதவுக்காரர். "முடிச்சதும் அந்த அக்காவைப் பிரிஞ்ச மாதிரி இருந்தது" என்றால் பாத்திரம். "அந்தத் தீவுல ஒரு வாரம் இருந்துட்டு வந்தேன்" என்றால் களம். மொழிக்காரரைக் கண்டுபிடிப்பது ரொம்பச் சுலபம். கதை என்ன என்று கேட்டால் தடுமாறுவார், ஒரு வரியை மட்டும் அப்படியே ஒப்பிப்பார். நான் இந்தக் கடைசி ரகம். ஊரே என்னைப் போலத்தான் படிக்கும் என்று நம்பியதுதான் என் பிரச்சினை.

ஒரே புத்தகத்தைக் கதவுக்கு ஏற்ப மாற்றிச் சொல்லிப் பார்ப்போம். கலங்கரை விளக்கத்தைத் தனியாகக் காவல் காக்கும் ஒரு கிழவியைப் பற்றிய நாவல் என்று வைத்துக்கொள்ளுங்கள். கதைக்காரரிடம்: "ஒரு ராத்திரி விளக்கு எரியலை. ஏன் எரியலைன்னு அவளுக்கு மட்டும்தான் தெரியும்." பாத்திரக்காரரிடம்: "யார் வந்தாலும் திட்டுவா, ஆனா அவங்க கிளம்பும்போது பார்சல் கட்டி வச்சிருப்பா." களக்காரரிடம்: "படிக்கப் படிக்க உதட்டுல உப்புக் கரிக்கும்." மூன்றிலும் பொய் இல்லை. அதற்காக இல்லாத கதவைத் திறந்து காட்டக் கூடாது. மெதுவாகப் போகிற நாவலை "விறுவிறுப்பு" என்று விற்றால், அடுத்த முறை உங்கள் பேச்சு எடுபடாது.

குறையையும் சேர்த்துச் சொல்லிவிடுவது நல்லது. "முதல் 80 பக்கம் இழுக்கும், கிணற்றடிச் சண்டை வர்ற வரைக்கும் பொறுங்க." இதைக் கேட்டவர் 40ஆம் பக்கத்தில் சோர்ந்தாலும், எதுவரை பொறுப்பது என்று அவருக்குத் தெரியும். ஆனால் "கடைசியில ஒரு திருப்பம் இருக்கு" என்பதை மட்டும் சொல்லாதீர்கள். திருப்பம் என்னவென்று சொல்லாவிட்டாலும் கெடுதல்தான். முதல் பக்கத்திலிருந்தே எல்லோர் மேலும் சந்தேகமாகப் படிப்பார்.

இணையப் புத்தகக் கடைகளும் பரிந்துரை செய்கின்றனவே என்று கேட்கலாம். "இதை வாங்கியவர்கள் அதையும் வாங்கினார்கள்" என்ற முறையை அமேசான் 1998இலேயே கொண்டுவந்துவிட்டது. அடிப்படை எளிது: எந்தெந்தப் பொருள்களை ஒரே ஆட்கள் வாங்குகிறார்கள் என்று கணக்குப் பார்ப்பது. ஏன் வாங்கினார்கள் என்பது அந்தக் கணக்கில் வராது. ஒரு குழந்தைக்குப் பரிசாகப் படப்புத்தகம் வாங்கிய பிறகு, பல நாள் எனக்கு யானையும் முயலுமாகவே வந்துகொண்டிருந்தன.

இன்னொன்று, பாதியில் விடுவதற்கான அனுமதி. இதற்கும் நான்சி பேர்லிடம் ஒரு கணக்கு உண்டு. 50 பக்கம் படியுங்கள், பிடிக்கவில்லையா, மூடிவிடுங்கள். வயது 50ஐத் தாண்டியவர்கள் 100இலிருந்து வயதைக் கழித்து, அத்தனை பக்கம் படித்தால் போதும். என் நண்பருக்கு அப்போது 61. கணக்குப்படி 39 பக்கம். இரண்டே பக்கம் கடன் வைத்திருக்கிறார், போகட்டும். இந்தக் கணக்கைப் புத்தகம் கொடுக்கும்போதே சொல்லியிருந்தால், எட்டு மாதம் அவர் என்னைக் கண்டு ஒளிந்திருக்க வேண்டியதில்லை. வாரா வாரம் "படிச்சீங்களா?" என்று வேறு கேட்டுக்கொண்டிருந்தேன்.

[திரையில்: ஒல்லியான ஒரு புத்தகம், தடித்த நாவலின் பக்கத்தில்.]

போன மாதம் அவரிடம் முதலில் கேட்டேன், அப்புறம்தான் கொடுத்தேன். 140 பக்கம், முதல் பத்தியிலேயே ஒரு ஆள் காணாமல் போகிறான். நாலாவது நாள் வந்து நின்றார். "இவர் எழுதினது வேற ஏதாவது இருக்கா?" கூடவே அவர் கையில் ஒரு புத்தகம். "நீங்க இதைப் படிங்க. கண்ணை மூடிக்கிட்டு."

நான் இப்போது 22ஆம் பக்கத்தில் இருக்கிறேன்.